சொட்டியல்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

ஒழுகும் குழாய் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களில் மூன்று மதங்கள் வழங்கி வருகின்றன. முதலாவது வாளி மதம். கீழே ஒரு வாளி இருந்தால் சொட்டு வீணாவதில்லை, வீணாகாதது ஒழுகல் ஆகாது என்பது இதன் சித்தாந்தம். இரண்டாவது கந்தல் மதம். பழைய பனியனைக் கிழித்துக் குழாய் வாயில் கட்டுவார்கள். சொட்டு நிற்காது, சத்தம் நின்றுவிடும். மூன்றாவது இறுக்கு மதம். அடியார் கூட்டம் அதிகம். "நல்லா இறுக்கி மூடு" என்பதே இதன் மூல மந்திரம். இவற்றுள் மூன்றாவதை முறையாக மறுத்து நான்காவதாக ஒன்றை நிறுவ இக்கட்டுரை முனைகிறது.

முதலில் அளவை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. இதில் சர்ச்சை இல்லை. சொட்டின் பருமனில்தான் சர்ச்சை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் கணக்கில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். அதன்படி நாளைக்கு நாலேகால் லிட்டர் போகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமோ குழாய்ச் சொட்டு நாலே சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிடுகிறது. அப்போது 21 லிட்டரைத் தாண்டுகிறது. இரு கட்சிக்கும் நடுவே ஒரு குடம் தண்ணீர் நிற்கிறது. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகத் தெருவில் குடம் வரிசை வைத்த சென்னைக்காரருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஐயம் உள்ளவர்கள் ராத்திரி வாளி வைத்துக் காலையில் அளக்கலாம். வாளி மதத்தாரிடம் கருவி ஏற்கெனவே தயார்.

இனி இறுக்கு மதத்தின் மறுப்பு. பல சுற்றுச் சுற்றி மூடும் திருகு குழாயை 1845-ல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் கெஸ்ட் அண்ட் க்ரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்படக்காரர்கள் காப்புரிமை பெற்றுச் செய்தார்கள். அன்றிலிருந்து அதன் தத்துவம் மாறவில்லை: ஸ்பிண்டில் கீழே இறங்குகிறது, அதன் நுனியில் உள்ள ரப்பர் வாஷர் பித்தளை விளிம்பில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. வாஷர் தேய்ந்தால் சொட்டும். தேய்ந்த வாஷரை மேலும் இறுக்கினால் அது நசுங்கி வெட்டுப்படும். இன்று நிற்கும் சொட்டு அடுத்த வாரம் ஒழுகலாகத் திரும்பும். மேலும் இறுக்கினால் விளிம்பே தேயும். அதன்பின் எத்தனை புது வாஷர் போட்டாலும் பயனில்லை, பெரும்பாலும் குழாயையே மாற்ற வேண்டிவரும். ஆகவே இறுக்கு மதம் தன் நோயைத் தானே வளர்க்கிறது என்பது நிறுவப்பட்டது.

பரிகாரம் எளிது. குழாய்க்குத் தண்ணீர் விடும் கேட் வால்வை மூடு. குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடு. வாஷ்பேசின் ஓட்டையை ஒரு துணியால் அடை. (திருகாணிகளுக்கு அந்த ஓட்டையின்மேல் உள்ள பற்று தனி ஆய்வுக்குரியது.) ஸ்பேனரால் மேல்மூடியைக் கழற்று, ஸ்பிண்டிலை எடு, சில ரூபாய் வாஷரை மாற்று. கால் சுற்றில் திறந்து மூடும் இந்தக் காலத்துக் குழாயில் வாஷர் கிடையாது. உள்ளே இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் திரும்பும். மணல் துகள் கீறினால் உள்ளிருக்கும் முழுத் துண்டையும் மாற்ற வேண்டியதுதான். கம்பெனிக்கு ஒரு அளவு என்பதால் பழையதைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். ஹார்டுவேர் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே "சாம்பிள் இருக்கா?" என்பதுதான்.

இந்த முறை முழுவதும் கேட் வால்வை நம்பியிருக்கிறது. அது கடைசியாக எப்போது மூடப்பட்டது என்று பெரும்பாலான வீடுகளில் எவருக்கும் நினைவிராது. உப்பு ஏறி இறுகிய வால்வை ரெஞ்சால் முறுக்கினால் தண்டு உடைந்து கையோடு வரும். இங்கேதான் நான்காவது மதம் பிறக்கிறது: தண்ணீரை நிறுத்த முடிகிறதா, பழுது கண்ணுக்குத் தெரிகிறதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் வேலை வீட்டாருடையது. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் ப்ளம்பருடையது.

இந்த அளவுகோலில் ஃப்ளஷ் டேங்க் வீட்டார் பக்கம் விழுகிறது. டேங்கில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பார்த்தால் போதும். கோப்பையில் நிறம் இறங்கினால் அடி ரப்பர் போய்விட்டது என்று பொருள். பூட்டிவைத்த வீட்டின் பாத்ரூம் நாற்றமும் அப்படியே. நஹானி ட்ராப்பில் சாக்கடைக் காற்றைத் தடுக்க நிற்கும் தண்ணீர் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஆனால் சமையலறைத் தொட்டி, பாத்ரூம், கக்கூஸ் மூன்றும் ஒரே நாளில் அடைத்துக்கொண்டால் அடைப்பு வெளியே சேம்பரில் இருக்கிறது. அதற்கு ஆசிட் ஊற்றுவது வீண். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் போடுவது ஆபத்து, குளோரின் வாயு கிளம்பும். சுவருக்குள் ஓடும் பைப், கரன்ட் சம்பந்தப்பட்ட கீசர் இரண்டையும் தொடவே வேண்டாம். சுவரில் பதிந்த எல்போவில் குழாயை ஆவேசமாக முறுக்கினால் உள்ளே விரிசல் விடும். மறுபக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்த பிறகுதான் சேதி தெரியும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் கிண்டல் செல்லாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளை நொடியில் சாய்த்துவிடும். உரிய பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வேலைக்கு வைத்தவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உறிஞ்சும் லாரியை வரச்சொல்வதே ஒரே வழி.

இறுதியாக ப்ளம்பரியல். "பத்து நிமிஷத்துல வந்துடறேன் சார்" என்பதில் உள்ள நிமிஷம் உலகளாவிய நிமிஷத்தோடு ஒத்துவருவதில்லை. வந்ததும் அவர் குழாயைப் பார்ப்பதற்கு முன் "இத யாரு சார் போட்டது?" என்று கேட்பார். முன்பு போட்டது அவரே என்றாலும் கேள்வி மாறுவதில்லை. பை நிறையச் சாமான் இருக்கும். தேவையான அரை இஞ்ச் நிப்பிள் மட்டும் இராது. அது ஏன் என்பது இன்னும் விளங்கவில்லை. அதை வாங்க வீட்டுக்காரரே கடைக்குப் போக வேண்டியிருப்பதால், களஆய்வு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.