சாலைக் கடைத்தெருவின் பில்லிங் சார்

பகல் பதினொன்றரை மணி. கல்லாவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். பில் பாதியில் நின்றுபோகிறது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அப்போது கடைக்கார அண்ணாச்சி கூப்பிடும் ஆள் ஒருவர்தான். பில்லிங் சார்.

கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை போகும் இந்தத் தெருவை உண்டாக்கியவர் பதினெட்டாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். இங்கேயே கடை வைத்துக்கொண்டு இங்குள்ள மனிதர்களைத் தமிழ்ச் சிறுகதைகளில் உலவவிட்டவர் ஆ. மாதவன். அந்தக் கதைகளில் பில்லிங் சாருக்கு இடம் இல்லை. அன்றைக்குச் சிட்டைப் புத்தகமும் காதில் செருகிய பென்சிலும் போதுமாக இருந்தன. பென்சில் நின்றுபோனால் சீவிக்கொள்ளலாம், யாரையும் கூப்பிட வேண்டாம்.

பில்லிங் சாரின் ஸ்கூட்டர் சாவியோடு நாலு பென்டிரைவ் தொங்கும். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நோயாளிக் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். மசாலாக்கடை, பாத்திரக்கடை, பூஜைச் சாமான் கடை என்று தெருவில் பாதிக் கடைகளில் ஓடுவது அவர் கையாலேயே விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய நிரல். அந்த மொழி வெளிவந்தது 1998-ல். அவருடைய நிரலில் பிழை இருந்ததாக இதுவரை நிரூபணம் ஆனதில்லை. ஒன்று கரண்டு சரியில்லை, இல்லையென்றால் நெட் ஸ்லோ. அந்த நிரல் நெட்டைத் தொடுவதே இல்லை என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது.

“என்ன சாரே, பின்னயும் நின்னுபோச்சே?”

“ஒருக்கா அணைச்சுப் போடுங்க அண்ணாச்சி.”

அணைத்துப் போட்டால் ஓடும். இதைக் கேலி செய்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். விண்டோஸ் 95 விடாமல் 49.7 நாள் ஓடினால் உறைந்துபோகும். மில்லி விநாடிகளை எண்ணும் 32 பிட் எண் அன்றைக்கு நிறைந்துவிடும். இந்தப் பிழை வெளியே தெரிவதற்கு 1999 ஆயிற்று. அதுவரை எந்தக் கம்ப்யூட்டரும் 49 நாள் நிற்காமல் ஓடியிருந்தால்தானே! போயிங் 787 விமானத்தின் மின்சாரக் கட்டுப்பாட்டுக் கருவிகளை 248 நாள் தொடர்ந்து ஓடவிடாமல் அவ்வப்போது அணைத்துப் போடும்படி அமெரிக்க விமானத்துறை 2015-ல் உத்தரவே போட்டது. அந்த வகையில் பில்லிங் சாரின் வைத்தியம் சர்வதேசத் தரம்.

முதல் நாள் மணியாக ஓடிய நிரல் அணைக்காமல் விட்டுச் சில நாளில் திணறுகிறது என்றால் அவர் சொல்லும் அடுத்த மருந்து, “ராம் போதாது.” நாலு ஜிபி எட்டு ஜிபி ஆகும். சில நாளில் பழைய கதையே தொடரும். அவருடைய நிரல் 32 பிட். எத்தனை ஜிபி மாட்டினாலும் அது எடுத்துக்கொள்வது சாதாரணமாக 2 ஜிபிக்குள்தான். உண்மையான வியாதி வேறு. பில் அச்சிடும் ஒவ்வொரு முறையும் நிரல் விண்டோஸிடம் எழுத்துரு, தூரிகை, பேனா என்று வரைவதற்கான பொருள்களைக் கடன் வாங்குகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. விண்டோஸ் ஒரு நிரலுக்கு இப்படி 10,000 வரைக்கும் பொறுக்கும். அதற்கு மேல் பொத்தான்கள் மறையும், பெட்டிகள் வெள்ளையாகும், கடைசியில் நிரலே போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஓர் அழகு இருக்கிறது. பில்லுக்கு மூன்று பொருள் கடன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,333 பில் வரை தாங்கும். நாளுக்கு 300 பில் போட்டு ராத்திரி அணைத்துவிட்டுப் போகும் கடையில் இந்த வியாதி தலைகாட்டாது. ஓண வாரத்தில் தினம் 800 பில், ராத்திரி அணைக்கவும் நேரமில்லை என்றால் ஐந்தாம் நாள் விழும். ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாளான அத்தத்துக்கு நாலு நாள் கழித்து அணைக்காமல் ஓட்டத் தொடங்கிய கடைக்கு அந்த ஐந்தாம் நாள் உத்ராடம், திருவோணத்துக்கு முந்தின நாள். ஊரே கடைசி நேரச் சாமானுக்காகச் சாலைக்குப் பாய்ந்து வரும் நாள். டாஸ்க் மேனேஜரில் ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்துப் பில் போட்டுக்கொண்டே பார்த்தால் எண் ஏறுவதும் இறங்காததும் கண்ணுக்கே தெரியும். பில்லிங் சார் அதைப் பார்க்கத் தொடங்குவது உத்ராடத்தன்று ராத்திரி.

வேகக் குறைவின் கதை எளிது. வீட்டில் ஐம்பது சரக்கை வைத்துச் சோதித்த நிரல் கடையில் ஆறாயிரம் சரக்கைச் சந்திக்கிறது. தேடல் பெட்டியில் ‘ம’ என்று தட்டினாலே மல்லி, மஞ்சள், மிளகு, மிளகாய் எல்லாம் கிளம்பி வருகின்றன. அடுத்த எழுத்துக்கு மறுபடியும் அத்தனையும். அட்டவணையில் இண்டெக்ஸ் கிடையாது. மிளகு கேட்டவருக்குக் கிட்டங்கியில் இருக்கிற ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்த்துவிட்டு வருவது போல இருக்கிறது காரியம். இத்தனையையும் சேமித்து வைக்கும் ஆக்சஸ் கோப்பு 2 ஜிபியைத் தொட்டதும் அதற்கு மேல் எதையும் ஏற்காது என்பது தனி விருந்து.

பாதுகாப்பு என்று வந்தால் அவருடைய மேதைமை முழுசாக வெளிப்படும். திருவனந்தபுரத்தின் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு டி’குரூஸ் சாமான் வாங்க வருவார். பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் பில் சேமிக்காது. பெயரின் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மேற்கோள் குறி, தரவுதளத்துக்குப் போகும் கட்டளையைப் பாதியில் வெட்டிவிடுகிறது. பில்லிங் சாரின் தீர்ப்பு: “குறி இல்லாம அடிங்க.” இருபது வருஷமாக டி’குரூஸ்கள் குறி இல்லாமல் மல்லிப்பொடி வாங்குகிறார்கள். அதே குறியோடு நாலு எழுத்தைச் சேர்த்துக் கடவுச்சொல் பெட்டியில் தட்டினால் கடைக் கணக்கு முழுவதும் திறந்துகொள்ளும். ஆனால் அதற்கு அவசியமே வராது. கடவுச்சொல்லை மானிட்டர் விளிம்பில் எழுதி ஒட்டியிருக்கிறது.

புது மெஷின் வந்தால் அவர் செய்யும் முதல் காரியம் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துவது. அப்டேட் வந்தால் அவர் நிரல் முரண்டு பிடிக்குமாம். 2017 மே 12-ல் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை கிளம்பியபோது அதற்கான மருந்து அப்டேட்டாக மார்ச் 14-லேயே வந்திருந்தது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. “நம்ம கடைக்கு ஒண்ணும் வரலையே அண்ணாச்சி” என்று பில்லிங் சார் அதையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். பேக்கப் உண்டா என்று கேட்டால் உண்டு. அதே ஹார்ட் டிஸ்கின் டி டிரைவில்.

அண்ணாச்சியின் மருமகன் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நிரலைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்பான். அவன் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் ஆற்றுகால் பொங்காலைக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்குப் பிரிண்டர் அடம்பிடித்தால் ஸ்கூட்டரில் வருகிறவர் யார் என்று அண்ணாச்சி கேட்பதற்கு அவனிடம் பதில் இல்லை. இதில் நியாயம் அண்ணாச்சி பக்கம்தான் என்று தோன்றுகிறது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததும், இனி உங்கள் நிரல் ஓடுமா என்று அண்ணாச்சி கேட்டார். பில்லிங் சார் போனைத் திறந்து காட்டினார். விஷுவல் பேசிக் 6 எழுதும் கருவியை மைக்ரோசாஃப்ட் 2008-லேயே கைகழுவிவிட்டது. ஆனால் அதில் எழுதிய நிரல்களை ஓடவைக்கும் அடிப்படைக் கோப்புகளுக்கு விண்டோஸ் 11 இருக்கும்வரை ஆதரவு உண்டு என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது.

“பாத்தீங்களா, அமெரிக்காக்காரனே நமக்கு எழுதிக் கொடுத்திருக்கான்” என்றபடி, அடுத்த வருஷத்து சர்வீஸ் காசுக்கு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். கையால் எழுதும் ரசீது.