கையோடு கழலும் போல்ட்

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் விமான இன்ஜினைத் தூக்கும் கருவி என்றால் பேச்செல்லாம் வலுவைப் பற்றித்தான். டிராயிங் போர்டில் வரைந்து, கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, வந்த தடிமனுக்கு மேல் கொஞ்சம் கூட்டி வைப்போம். பீம் தயாரானதும் பட்டறை முற்றத்தில் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிடுவோம். வெல்டிங் விடவில்லை, பீம் வளையவில்லை என்றால் பெயின்ட் அடித்து, இத்தனை டன் என்று எழுதி அனுப்பிவிடுவோம்.

இன்று அதே பீம் கணினித் திரையில் சுழல்கிறது. அழுத்தம் எங்கே கூடுகிறது என்பதை நிறமே சொல்கிறது. கருவி இளைத்துவிட்டது, சுமைதான் பெருத்துவிட்டது. 737-இன் சிஎஃப்எம்56-7பி இன்ஜின் சுமார் 2.4 டன், 777-இன் ஜிஇ90-115பி ஏறக்குறைய 8.7 டன்.

ஆனால் இந்தத் தொழிலை உலுக்கிய விபத்தில் தூக்கிய கருவி உடையவே இல்லை. 1979 மே 25 அன்று சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிசி-10 ஓடுபாதையை விட்டு எழும்போது இடது இன்ஜின், அதைத் தாங்கும் பைலானோடு பிய்த்துக்கொண்டு போனது. 273 பேர் இறந்தார்கள். எட்டு வாரத்துக்கு முன் பராமரிப்பில் இன்ஜினையும் பைலானையும் சேர்த்தே ஃபோர்க்லிஃப்டில் இறக்கி ஏற்றியிருந்தார்கள். இன்ஜினை முதலில் கழற்று, பைலானைப் பிறகு கழற்று என்பதுதான் தயாரிப்பாளர் சொன்ன முறை. சேர்த்துக் கழற்றினால் பிரிக்க வேண்டிய குழாய், கம்பி இணைப்புகள் 79-லிருந்து 27 ஆகும். விமானம் ஒன்றுக்குச் சுமார் 200 மனித மணி நேரம் மிச்சம். ஃபோர்க்லிஃப்டுக்கு அந்தச் சுமை பெரிதில்லை. ஆனால் அதன் முள்கரங்களை நுணுக்கமாக நகர்த்த முடியாது. அப்படி நகர்த்தும்போது இடித்ததில் பைலானின் பின்பக்க விளிம்பில் விழுந்த விரிசலின் நீளம் 10 அங்குலம்.

இதை நான் படித்த பிறகுதான், இன்ஜின் மாற்றும்போது மூத்த மெக்கானிக்குகள் எதைப் பார்க்கிறார்கள் என்பது விளங்கியது. பைலானில் தூக்குக் கைகளைப் பொருத்தி, நான்கு செயின் பிளாக்கில் இன்ஜினைப் பிடிப்பார்கள். நட்டைக் கழற்றியதும் போல்ட்டை விரலால் திருகிப் பார்ப்பார்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சுமை சரியாக ஏறியிருக்கிறது. சிக்கினால் சுத்தியலை எடுக்கக் கூடாது. எந்தச் செயின் கூடுதலாக இழுக்கிறது என்று தேடவேண்டும். இன்று ஒவ்வொரு செயினிலும் சுமையை அளக்கும் லோடு செல் தொங்குகிறது, எண்ணைக் காட்டுகிறது. நல்ல வசதி, மனதார வரவேற்கிறேன். என்றாலும் அந்த விரலை நான் இன்னும் நம்புகிறேன்.

தூக்கு கருவிகளைத் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்று விதித்திருந்தது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அவசியமான விதி. ஆனால் கருவி தாங்குமா என்பதைத்தான் அந்தச் சோதனை பார்க்கும். இரவு ஷிஃப்டில், காலையில் விமானம் கிளம்பியாக வேண்டிய நெருக்கடியில், அது கைக்கு அடக்கமாக இருக்குமா? சரியான முறை இழுத்தடித்தால் யாராவது குறுக்குவழி தேடத்தான் செய்வார்கள். அதை அடைப்பது எங்கள் வேலை.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களே, கணினியைத் திறக்குமுன் ஹேங்கருக்குப் போய் ஒரு இன்ஜின் மாற்றத்தை முழுதாக நின்று பாருங்கள். கழற்றுகிறவரிடம் எது சிரமம் என்று கேளுங்கள். பிறகு வரையுங்கள்.