இரண்டே சானலில் பாட்டைக் கெடுப்பது எப்படி

மெல்லிசைக் குழு மொத்தத்தையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, நேராக ஸ்டீரியோவில் பதியப்போகிறீர்கள். வாழ்த்துகள்! இடது, வலது என இரண்டே சானல். பதிந்த பிறகு தபேலாவை மட்டும் குறைக்க முடியாது, பாடகியை மட்டும் ஏற்ற முடியாது. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்யச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். நீங்கள் வழக்கம்போல எதையும் முடிவு செய்யாமல் ஆரம்பியுங்கள்.

1. கல்யாண மண்டபத்தைப் பிடியுங்கள். கிரானைட் தரை, கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர். கை தட்டிப் பாருங்கள். தட்டல் திரும்பி வந்து உங்களை நலம் விசாரித்தால் அதுதான் இடம். ஜமக்காளம் விரித்து அதன் வாயை அடைக்காதீர்கள். ஃபேன் ஓடட்டும்.

2. மைக் ஜோடியை ஒயர் எட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். பிரெஞ்சு வானொலிக்காரர்களின் முறைப்படி இடைவெளி 17 செ.மீ., கோணம் 110 டிகிரி என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இவ்வளவு துல்லியமாக அளந்ததை டிரம்ஸுக்கு இரண்டடி முன்னால் வையுங்கள். குழு வாசிக்கும்போது கூடத்தைச் சுற்றி நடந்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று காதால் தேடுவதெல்லாம் வேலையற்றவர்களின் வேலை.

3. இந்தப் பதிவில் மிக்ஸர் என்பது ஆள் உட்காரும் தூரம்தான். சத்தக்காரர் பின்னால் போக வேண்டும், மெல்லியவர் முன்னால் வர வேண்டும். ஆனால் டிரம்ஸ்காரர் குழு ஓனரின் மச்சான். அவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புல்லாங்குழல்காரர் சாது, அவரைக் கதவோரம் உட்காரவையுங்கள். கவ்பாய் ஜங்கீஸ் என்ற கனடா குழு 1987 நவம்பரில் டொரொண்டோ தேவாலயம் ஒன்றில், ஒற்றை மைக்கைச் சுற்றி ஆட்களை அமர்த்தியே ‘தி டிரினிட்டி செஷன்’ ஆல்பத்தைப் பதிந்தது. அங்கும் டிரம்ஸ் வாசித்தவர் பாடகியின் உடன்பிறந்தவர்தான். உடன்பிறந்தவரை நகர்த்தலாம்; மச்சானை நகர்த்த முடியாது.

4. சவுண்ட் செக்கில் எல்லோரையும் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்துக்கே கெயினை உச்சிவரை ஏற்றிவிடுங்கள். 24 பிட்டில் 12 டெசிபெல் இடம் விட்டாலும் ஒன்றும் குறையாதாம். இருக்கட்டுமே, இடத்தை வீணாக்குவானேன்? டேக் தொடங்கியதும் டிரம்ஸ்காரருக்கு அருள் வரும், சிவப்பு விளக்கு எரியும். விசேஷ வீட்டில் விளக்கு எரிவது நல்லதுதான்.

5. அதே கூடத்தில் உட்கார்ந்து ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் கிட்டார் ஆம்பிலிருந்து நேராக உங்கள் நெஞ்சில் வந்து இடிக்கும். பதிவில் பேஸ் விழுகிறதா என்ற கவலையே எழாது. “ஒரு நிமிஷம் பதிஞ்சு, வெளியே போய்க் கேட்டுப் பாக்கலாமாண்ணே?” என்று எந்தப் பையனாவது கேட்டால், டீ வாங்கிவர அவனையே அனுப்புங்கள்.

6. பாடகி எக்கோ கேட்பார். பதிந்த எக்கோவைப் பிறகு எடுக்க முடியாது, ஆகவே இப்போதே ஒரு கை கூடப் போடுங்கள்.

7. பாட்டு முடிந்ததும் கடைசி சிம்பலின் ஒலி ஓயச் சில நொடிகள் ஆகும். காத்திருக்காதீர்கள். “சூப்பர்ணே!” என்று கத்துங்கள். இரண்டு சானலிலும் சமமாக விழும்படி நட்டநடுவில் நின்று கத்துவது உத்தமம்.

8. மறுநாள் கீபோர்டுக்காரர் போன் செய்து, தன் வாசிப்பை மட்டும் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்வார். “அதுக்கென்ன தம்பி, செஞ்சிடலாம்” என்று சொல்லுங்கள். பிறகு பாட்டு மொத்தத்தையும் கொஞ்சம் ஏற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இப்போது நன்றாகக் கேட்கிறது என்பார்.