ஆறங்குல வீரர்களும் பாலிஸ்டிரின் லயமும்: சுங்காய் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

1839-ஆம் ஆண்டில் உலகில் மூன்று காரியங்கள் நடந்தன. பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவர் 1822 முதல் நடத்திவந்த டயோராமா அரங்கு மார்ச் மாதத்தில் தீப்பிடித்து எரிந்து போயிற்று. பெர்லினில் எடுவார்ட் சிமோன் என்ற மருந்துக்கடைக்காரர், மரப்பிசினிலிருந்து வடித்து வைத்த எண்ணெய் தானாகவே கெட்டிப்படுவதைப் பார்த்துக் குழம்பினார். அந்தக் கெட்டிப் பொருளைத்தான் இன்று பாலிஸ்டிரின் என்கிறோம். அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடு காட்டினால் ரப்பர் வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று கண்டார். டயோராமா, பாலிஸ்டிரின், ரப்பர். மூன்றும் ஒரே ஆண்டில் ஏன் வந்து நின்றன என்று வரலாற்றாசிரியர் எவரும் கேட்டதில்லை. அவர்களில் ஒருவரும் சுங்காய் பட்டணத்து மின்சாதனக் கடையின் பின்சந்துக்குள் நுழைந்து பார்க்காததே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களத்தை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஈப்போவுக்குத் தெற்கே, பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவில், பழைய கூட்டரசுச் சாலையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் சுங்காய். வெளியூர்க்காரர்கள் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றில் முட்டை அவிக்க இந்தப் பக்கம் வருவார்கள். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் காடு; இப்போது செம்பனை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள் தாமான் என்னும் குடியிருப்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இரவுச் சந்தையில் ஆறங்குல வீரர் பொம்மைகளை வாங்குகிறார்கள். வீரன் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

மூலப்பொருளுக்கு முப்போகம் உண்டு. சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி என்ற மூன்றுக்கும் முந்திய வாரங்களில்தான் மலேசியக் குடும்பம் தன் பழைய டீவியில் குறை கண்டுபிடிக்கத் தொடங்கும். புதியது வந்து இறங்கும். அதைச் சுற்றியிருந்த வெள்ளைக் கட்டிகள் கடைக்குப் பின்னால் மலையாகக் குவியும். நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால் சில ஆண்டுகளில் இரண்டு போகம் ஒன்றாகிவிடும். 2005-ல் தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3. நாடே தீபராயா கொண்டாடியது. இந்தச் சேர்க்கை திரும்பி வர ஏறக்குறைய 33 ஆண்டு ஆகும் என்பதால் ஆய்வாளர்கள் கையிருப்பைக் கவனமாகச் செலவழிப்பது நல்லது. கடைக்காரத் தவுக்கே இதற்குக் காசு கேட்பதில்லை. அட்டைப் பெட்டியை மட்டும் விட்டுவிடச் சொல்கிறார். அது எடைக்குப் போகும்.

இனி வகைப்பாடு. ஐந்து திணைகளை விட்டால் நமக்கு வேறு போக்கிடம் ஏது? ஐஸ்பெட்டியின் அடியில் வரும் தடித்த மூலைக்கட்டிகள் குறிஞ்சி. இரண்டை ஒட்டினால்தான் மலையாகும், ஒட்டியதை ஓர் இரவு முழுவதும் பிரிக்கக் கூடாது. ஆகவே புணர்தல் என்னும் உரிப்பொருளில் ஐயமில்லை. டீவியின் இருபுறமும் வரும் நீளக்கட்டி முல்லை. அதில் ஒரே அளவான அறைகள் வரிசையாகப் பள்ளம் விழுந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் லயம் என்று தெரியும். மாலை நேரத்தில் நாடகத்துக்காகக் காத்திருப்பவர்களிடமிருந்து வந்த பொருள் என்பதால் இருத்தலும் பொருந்துகிறது. வாஷிங் மெஷினுக்கு அடியில் வரும் வட்டப் பள்ளமுள்ள கட்டியை மருதம் எனலாம். நீல வண்ணம் பூசிப் பசை ஊற்றினால் கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டை அப்படியே வந்துவிடும். வாங்கியது யார் சம்பளத்தில் என்பது குறித்த ஊடல் தனி. சந்தையில் தூக்கிப்போடும் மீன்பெட்டி நெய்தல். எத்தனை முறை கழுவினாலும் அதன் கருப்பொருள் மூக்கை விட்டுப் போகாது. மீ கோரெங் கட்டித் தரும் மெல்லிய பெட்டி பாலை. எண்ணெய்ப் பிசுக்கில் வண்ணம் ஒட்டாது, அதனால் கலைஞனும் அதைப் பிரிந்துவிடுகிறான். உணவுக்கான இவ்வகைப் பெட்டிகளைச் சிலாங்கூர் மாநிலம் 2017-லும், தெர்மாகோல் தட்டுகளைத் தமிழ்நாடு 2019-லும் தடைசெய்துவிட்டன. எனவே பாலைத்திணை அழியும் நிலையில் உள்ளது. இதற்காக எவரும் அழத் தேவையில்லை.

பொருளின் இயல்பை அறியாதவன் கத்தியைத் தொடக் கூடாது. இந்தக் கட்டியில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. பென்டேன் வாயு அடைத்த சிறு மணிகளை நீராவியில் பொரித்து, பொரி உருண்டை போல அச்சில் சேர்த்து அழுத்தியதுதான் மீதி. மழுங்கிய கத்தி போட்டால் மணி மணியாக உதிர்ந்து, மின்னேற்றத்தால் கை, மூக்கு, பூனை என்று கிடைத்ததில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்ததை உடனே கூட்டி அள்ளாவிட்டால் லொங்காங் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். அந்தக் குற்றத்துக்கு எந்தக் கலையும் சமாதானம் சொல்ல முடியாது. சூடேற்றிய கம்பியால் அறுத்தால் வெட்டு வழவழப்பாக வரும். ஆனால் புகை நல்லதல்ல, சன்னலைத் திறந்துவைக்க வேண்டும். திறந்தால் காற்று வரும். காற்று வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேனி மாவட்டத்தில் பெரிய அளவிலான பரிசோதனை ஒன்று நடந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாகாமலிருக்க அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கின. சுங்காய் ஆய்வாளர்கள் இதிலிருந்து பாடம் கற்று, டயோராமாவின் அடிப்பலகையில் மணல் மூட்டை கட்டுகிறார்கள். வீட்டுக்குள் காத்தாடி சுழல்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த பகை, தகரடப்பா ஸ்பிரே. அதிலுள்ள கரைப்பான் பட்ட இடத்தில் பாலிஸ்டிரின் கரைந்து, அடைபட்டிருந்த காற்று வெளியேறி, மலை குழியாகிவிடும். வெள்ளைப் பசையில் கறுப்பு நீர்வண்ணம் கலந்து முதலில் ஒரு கவசம் பூசுவது மரபு. இந்த மரபை மீறுவதில்தான் பேராக் பாணியின் பெருமையே இருக்கிறது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் வயது 25 கோடி ஆண்டுக்கு மேல். கரியமில வாயு கலந்த மழைநீர் மெல்ல மெல்லக் கரைத்துத்தான் கோப்பேங் அருகில் குவா தெம்புருங் குகையும், சீனக் கோயிலுள்ள பேராக் தோங் குகையும் உண்டாயின. பாலிஸ்டிரின் கட்டியில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அதே குகை, அதே தொங்கும் விழுதுகள், அரை நிமிடத்தில். ஒன்றில் கல் வேதிமாற்றம் அடைகிறது, மற்றதில் பொருள் கரைய மட்டுமே செய்கிறது என்று வேதியியலார் மறுப்பு எழுப்பலாம். குகைக்குள் நிறுத்திய ஆறங்குல வவ்வால் மனிதனுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

முன்னோடிகள் யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கொலுப்படிக்குக் கீழே பூங்கா அமைத்துக் கேழ்வரகு முளைக்க வைத்த அத்தைமார்களை முதலில் வணங்க வேண்டும். மலேசியத் தைப்பூசத்தில் பெருங்காவடிகள் பாலிஸ்டிரினில் செதுக்கிய மயிலும் முருகனுமாக எழுந்து வருவதை ஈப்போ குனோங் சீரோவில் நின்றால் பார்க்கலாம். தூக்குபவரின் தோளை அறிந்தவன் கண்டுபிடித்த தொழில்நுட்பம் அது. ஆனால் வீரன் பொம்மைக்கு நேர் மூதாதை பத்து காஜாவில் இருக்கிறார். கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை, சென்னையிலிருந்து ஆட்களை வரவழைத்து அரண்மனை ஒன்றைக் கட்டத் தொடங்கி, 1926-ல் லிஸ்பனில் இறந்துபோனார். வேலையாட்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வங்களுக்குப் பக்கத்திலேயே, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். மாற்று உலகத்து வீரன் ஒருவனை நம் காட்சியில் கூச்சமில்லாமல் நிறுத்தும் வழக்கம் நேற்று வந்ததல்ல.

இப்போது மையக் கருத்துக்கு வருவோம். 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியலுக்கு முன்பு, சுங்காய்க்குச் சில மைல் தெற்கே துரோலாக்கில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அணியைப் பிளந்துகொண்டு சிலிம் ஆற்றுப் பாலம்வரை ஓடின. கம்பாரிலிருந்து தெற்கே இறங்கிய டாங்கிகள் வேறு எந்த வழியாக வந்திருக்கும்? சுங்காய் சாலைதான். அடுத்த மாதம் 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. டயர் இல்லாமல் போர் நடக்குமா? அமெரிக்க அரசு செயற்கை ரப்பரில் இறங்கியது. பியூட்டடையீன் முக்கால் பங்கு, ஸ்டைரீன் கால் பங்கு. 1941-ல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லாதிருந்த உற்பத்தி 1945-ல் 7 லட்சம் டன்னைத் தாண்டியது. போர் முடிந்ததும் ஸ்டைரீன் ஆலைகள் வேலையில்லாமல் நின்றன. அந்தத் திரவத்துக்கு ஒரு வழி காட்ட வேண்டும். பாலிஸ்டிரின் மலிவாயிற்று. 1950 வாக்கில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் அதைப் பொரிக்கவும் கண்டுபிடித்துவிட்டது.

ஆக, தோட்டத்து ரப்பரின் விலையைக் காலமெல்லாம் அழுத்திக்கொண்டிருந்த செயற்கை ரப்பரும், தவுக்கே கடைச் சந்தில் கிடக்கும் வெள்ளைக் கட்டியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ரப்பருக்கு மதிப்புக் குறைந்தது, மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், லயத்தைக் காலி செய்தார்கள். இதற்கெல்லாம் ஸ்டைரீன் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. துண்டாடப்பட்ட தோட்டங்களுக்கும் செம்பனையின் லாபத்துக்கும் உரிய பங்கு உண்டு. ஆனாலும் லயத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமென்றால் அதே ஸ்டைரீனைக் கொண்டு கட்டுவது நியாயமான நட்டஈடு என்பதே இவ்வாய்வாளனின் தீர்ப்பு.

அளவைக் கணக்கு. ஆறங்குல வீரனை ஆறடி மனிதனாகக் கொண்டால் விகிதம் பன்னிரண்டில் ஒன்று. பத்தடி அறை பத்து அங்குலமாகும். மேலே அட்டைப் பெட்டியின் ஒரு தாளை உரித்தெடுத்தால் உள்ளே நெளிநெளியாக இருக்கும். அதுவே தகரக் கூரை. மரத்துக்கு மரம் பத்தடி, நிரைக்கு நிரை இருபதடி என்று வைத்தால் ஒரு ஏக்கர் காட்டை அமைக்கப் பதினேழடிக்குப் பதினேழடி இடம் வேண்டும். தாமான் வீட்டின் முன்கூடம் அந்த அளவில் இல்லை. ஆகவே இப்பகுதியின் டயோராமாக்களில் ஆறு மரங்களுக்கு மேல் காண முடிவதில்லை. இதை அழகியல் சிக்கனம் என்று பின்னாளில் யாராவது எழுதுவார்கள்.

என் அக்காள் மகன் செய்த காட்சி ஒன்று முறையான மதிப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டது. மதிப்பாய்வாளர், முப்பது வருடம் பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டி. பின்னணியில் லயம், முன்னால் மரங்கள், நடுவில் 1990-களில் மலாய்க் குரலோடு டீவியில் வந்த சூரியா பெர்காசா ஹித்தாம். வீரனைப் பற்றிப் பாட்டிக்கு ஆட்சேபமே இல்லை. மரத்தைத்தான் பார்த்தார்.

"ஏன்டா, எவன்டா இந்த மரத்த வெட்டுனது? வலது மேலேர்ந்து இடது கீழ இழுத்து வெச்சிருக்கான்?"

"அதுல என்னா பாட்டி?"

"என்னா பாட்டியா? இந்த வெட்டுக்குக் கிராணி பேரு போடமாட்டான்."

பாட்டியின் தீர்ப்புக்கு அறிவியல் சான்று உண்டு. பட்டைக்குள் ஓடும் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை; இடக்கீழிலிருந்து வலமேலாக 3 முதல் 5 பாகை சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் கூடுதலான குழாய்கள் திறக்கும், பால் பிடிக்கும் மங்கு நிறையும். மாற்றி வெட்டினால் பால் குறையும். வெளிநாட்டு டயோராமாக் கலைஞர்கள் கல்லின் விரிசலையும் இரும்பின் துருவையும் நுணுக்கமாகச் செய்வதைக் கண்டு வியந்திருக்கிறேன். ஆனால் அவர்களில் எவரும் எங்கள் பாட்டியின் கண்ணில் தேற மாட்டார்கள். பையன் ஆறு மரத்தின் பட்டையையும் பசைமாவால் அடைத்து, காயவைத்து, திருப்பி வெட்டினான். பால் வடியும் பீலியை ஊசிமுனை அளவு தகரத்தில் செய்தான். மங்குக்குச் சட்டைப் பொத்தான்.

இரண்டாம் சுற்று மதிப்பாய்வில் நேரம் பற்றிய கேள்வி எழுந்தது. பையன் வானத்தை நண்பகல் நீலமாகப் பூசியிருந்தான்.

"இவன் சண்ட போட்டு முடிக்கிறதுக்குள்ள வெயில் ஏறிடும். அப்புறம் பால் எங்க வடியும்? காலையில பெரட்டுக்கு வரச் சொல்லு."

பெரட்டு என்பது விடியலில் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு. குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தினுள் அழுத்தம் கூடுதல் என்பதால் இந்தக் கருத்தும் ஏற்கத்தக்கதே. வானம் சாம்பல் நிறமாயிற்று. வீரனின் நெற்றியில் ஒரு சிறு விளக்கு ஏறியது. வில்லனுக்கு வேலை எதுவும் சொல்லவில்லையே என்று பையன் கேட்டான். கையில் பால் வாளியைக் கொடு என்றார் பாட்டி. இப்போது இருவரும் அடுத்தடுத்த நிரையில் நிற்கிறார்கள். யார் நல்லவன் என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. பாட்டியைப் பொறுத்தவரை அதைக் கணக்குப் பால் நிறுக்கும்போதுதான் சொல்ல முடியும்.

ஆய்வின் அடுத்த கட்டமாகப் பால் கொட்டகை, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை ஆகியவற்றை அமைக்கத் திட்டமிட்டுள்ளோம். கள்ளுக்கடையில் எந்த வீரனை உட்காரவைப்பது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அதைவிடப் பெரிய தடை மூலப்பொருள். கட்டிகளுக்குப் பதிலாகக் கூழ்காகித அச்சுகளை வைத்து அனுப்பும் நிறுவனங்கள் பெருகிவருகின்றன. பால் கொட்டகைக்குத் தேவையான மூலைக்கட்டி, இரண்டு கதவு ஐஸ்பெட்டியோடுதான் வரும். ஆராய்ச்சி நிதியாக அப்படி ஒன்றை வாங்கித் தரும்படி அக்காவிடம் எழுத்துமூலம் விண்ணப்பித்திருக்கிறோம். வீட்டில் இருப்பது நன்றாகத்தான் ஓடுகிறது என்று அவர் வாய்மொழியாகப் பதிலளித்துள்ளார். மேல்முறையீடு தீபாவளிக்கு முந்திய வாரம் விசாரணைக்கு வருகிறது.