புல் இன்ஷூரன்ஸ்

வெள்ளவத்தையில் வாடகைக்குக் கார் விட்டு எம்மை வாழவைக்கும் பெருமதிப்புக்குரிய நிறுவனத்தாருக்கு,

நேற்றுப் பின்னேரம் உங்கள் பையன் கைபேசி லைட்டை அடித்துக்கொண்டு, வாகன் ஆரின் இடப்பக்க பம்பருக்கு முன்னால் முழங்காலில் நின்றதைக் கண்டு நெகிழ்ந்துபோனேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகூட அப்படியொரு பக்தியைப் பார்த்ததில்லை. நகமளவு கீறல் ஒன்று காட்சி கொடுத்தது. என் 50,000 ரூபா டெப்பொசிட்டில் 45,000 அதற்குக் காணிக்கை.

“தம்பி, புல் இன்ஷூரன்ஸ் எண்டு நாளுக்கு 1,500 கூட எடுத்தனீங்களே?”

“ஓம் அண்ணை, புல்தான். ஆனா எக்சஸ் உங்கட பக்கம். கீறல், கண்ணாடி, டயர், அடிப்பக்கம் ஒண்டும் அதுக்குள்ள வராது.”

ரசீதை எடுத்துப் பார்த்தேன். ‘புல் இன்ஷூரன்ஸ்’ என்றுதான் இருந்தது. ஆய்த எழுத்து விடுபட்டது அச்சுப்பிழை என்று நினைத்திருந்த என் அறியாமையை மன்னிக்கவேண்டும். நீங்கள் விற்றது புல்லேதான்.

நாளுக்கு 100 கிலோமீற்றர் இலவசம் என்ற உங்கள் தாராளத்தையும் சொல்லவேண்டும். நாங்கள் போனது நல்லூர்த் தேருக்கு. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். உங்கள் கணக்கில் தேருக்கு முதல் நாள் வெளிக்கிட்டால் தேரும் தீர்த்தமும் முடிந்தபிறகு போய் கற்பூரச் சாம்பலைக் கும்பிடலாம். மேலதிகக் கிலோமீற்றருக்குக் கட்டினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் கார்களுக்கு மறுபடி வழி திறக்கும்வரை, கிழடு தட்டத் தட்ட விலை ஏறிய வாகனம் அல்லவா. வயதுக்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது. பிரேக் பிடித்துவிட்டேன். அது அசையாமல் காரையே பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே புல் இருப்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

நல்லூரில் வெயிலுக்கு ஒதுங்கியிருந்தபோதுதான் டாஷ்போர்டுக்குள் கிடந்த காப்புறுதிக் கடதாசியை விரித்து வாசித்தேன். ‘தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்.’ அதாவது, வாடகைக்கு விடாத காருக்கான காப்புறுதியை வைத்துக்கொண்டு அதை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்.

அந்த மாட்டில் அடிபட்டிருந்தால்? பின் சீற்றில எங்கட அம்மா இருந்தவ. எழுபத்தெட்டு வயது. காப்புறுதிக் கொம்பனி இந்தக் கடதாசியைக் காட்டிக் கையை விரிச்சிருக்கும், நீங்கள் நான் வைத்த கையெழுத்தைக் காட்டியிருப்பீங்கள். எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் நாளுக்கு 1,500 வாங்கினீங்கள். இதுக்குப் பேர் வியாபாரம் இல்லை, களவு.

மன்னிக்கவும். பயணக் களைப்பு. புல் காட்டி மாட்டைக் கூட்டிப்போவது பழைய வித்தை. அதற்கு ரசீதும் கொடுத்து, முத்திரையும் குத்தி, “திரும்பவும் வாங்கோ அண்ணை” என்று வாசல்வரை வந்து வழியனுப்பும் பண்பு உங்களிடம் மட்டுமே உண்டு.

ஒரு சின்ன விசாரிப்பு. கீறலுக்குப் பெயின்ற் அடிக்க மூன்று நாள் கராஜில் விடவேண்டும், அந்த நாட்களின் வாடகையும் 45,000 ரூபாவுக்குள் அடக்கம் என்று பையன் சொன்னார். இன்று காலை ஹம்டன் லேனில் அதே காரைக் கண்டேன். ஒரு குடும்பம் சூட்கேஸ் ஏற்றிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். கீறல் சுகமாக இருக்கிறது. ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் என் கைபேசியைக் கொடுத்து, லைட்டை அடித்து அதை வீடியோ எடுக்கச் சொன்னேன். எடுத்தார். தன் கைபேசியிலும் எடுத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
உங்கள் மேய்ச்சல் தரை,
கொட்டாஞ்சேனை.