சக்கரை கம்மி, டிகாஷன் தூக்கல்

புவனகிரியில் காலைக் காப்பிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். ஊதி ஊதிக் குடித்து, பஸ் திரும்புவது தெரிந்ததும் அடியில் கொஞ்சம் வைத்துவிட்டு ஓடுவார்கள். கடை நடப்பது இவர்களால்தான். ஆனால் இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதவேண்டியவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் வெறுமனே "ஒரு காப்பி" என்று கேட்டதே கிடையாது. "மாஸ்டர், டிகாஷன் தூக்கலா இருக்கட்டும். சக்கரை கம்மி. நுரை வேணாம். ரொம்ப ஆத்தாதீங்க. தூள்ல சிக்கரி எவ்ளோ?" எல்லாவற்றுக்கும் மாஸ்டர் "சரிங்க சார்" என்பார். பிறகு வரிசையாக நிற்கும் டம்ளர்கள் அத்தனைக்கும் ஒரே டிகாஷனை ஒரே கையால் விட்டுக்கொண்டே போவார். நம்மவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், "பாத்தீங்களா, சொல்லி வாங்கணும்" என்பார். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது உணவுச் சட்டம். மீதி 49-ஐ நாக்காலேயே நிறுத்துவிட முடியும் என்பது அவர் எண்ணம்.

அவருக்கு எதிரில் பேப்பர்காரர். கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிய தினத்தந்தியில் முதல் தாளைக் கையில் பிடித்து, நடுத்தாளின் மேல் உட்கார்ந்திருப்பார். நாம் நடுத்தாளைக் கேட்டால், "என்ன சேதி வேணும், சொல்லுங்க, நான் படிச்சிட்டேன்" என்பார். வீராணம் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறதே, அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அதைப் பேசப் பேசக் காப்பி ஆறிவிடும். சுடவைத்துத் தரச் சொல்வார்.

வியாழக்கிழமை வந்தால் நம்மவருக்குக் கொண்டாட்டம். ராகவேந்திரர் அவதரித்த ஊராயிற்றே, வெளியூர் பக்தர்கள் வருவார்கள். தரிசனம் முடித்து ஒரு குடும்பம் கடைக்குள் நுழைந்ததும், "இங்க காப்பிய இப்படிக் கேக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவார். பெரியவர், அம்மா, மருமகள் என்று ஆளுக்கொரு நிபந்தனை. மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் "சரிங்க" சொல்லிவிட்டு, பழையபடி ஒரே வீச்சில் விடுவார். குடும்பமே தலையாட்டிப் பாராட்டும்.

கிளம்பும்போது நம்மவருக்கு ஒரு நிபந்தனை பாக்கி இருக்கும்: "நோட்டுல எழுதிக்கப்பா." இதை மட்டும் முதலாளி தட்டுவதே இல்லை. சில நாள் ரெண்டு காப்பி என்றுகூட எழுதிக்கொள்வார்.