ஓடையில் மூழ்கியவர்களும் தொட்டியில் நனைந்தவர்களும்

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வழியில் நாலு இடத்தில் வண்டியை நிறுத்திச் செல்ஃபி எடுத்து, பத்து மணி ஆராதனைக்குப் பத்தே முக்காலுக்கு வந்து சேரும் எங்கள் கொல்லிமலைச் சபையாரைப் பார்க்கும்போதெல்லாம், ஒற்றையடிப் பாதை மட்டுமே இருந்த காலத்தில் இவர்களுடைய பாட்டன்மார் எப்படி நேரத்துக்கு வந்தார்கள் என்று யோசிப்பேன். அவர்களிடம் கடிகாரம் இல்லை, அதனால்தான் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொள்வேன்.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1913இல் ஈவ்லினை மணந்துகொண்டு இந்த மலைக்குக் குடிவந்தபோது, இங்குள்ள வாழவந்தி நாட்டில் முதலில் பேர் வாங்கியது அவருடைய வேதபுத்தகம் அல்ல, பல் பிடுங்கும் குறடு. அடுத்தபடி நரம்புச்சிலந்தி. காலில் கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் மாதிரி தலை நீட்டும் அந்தப் புழுவை, அறுந்துவிட்டால் உள்ளேயே சீழ் வைத்துவிடும் என்பதால், ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி அவர் வெளியே எடுப்பாராம்; சுற்றி முடிகிறவரை நோயாளி வேறு எங்கும் போக முடியாது, பிரசங்கத்தைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். இந்தியாவில் நரம்புச்சிலந்தி ஒழிந்துவிட்டது என்று 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அத்தனை பொறுமையாகப் பிரசங்கம் கேட்கிற ஆட்களும் அதோடு ஒழிந்துபோனார்கள் என்பதை அந்தச் சான்றில் யாரும் எழுதவில்லை.

குறட்டையும் குச்சியையும் நம்பியவர்கள்கூட, பல வருஷம் சாமியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. 1918இல் கிளம்பிய விஷக்காய்ச்சல் மலையேறி வந்து வீடு வீடாக ஆட்களைச் சாய்த்தபோது, ஜெஸ்ஸியும் ஈவ்லினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாக நுழைந்தார்கள். அதுவரை எதிர்த்து நின்ற பூசாரியே சாகக் கிடந்த நேரத்தில் தன் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அப்புறம்தான் மலை இளகியது. ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திப் பேர் பெற்றார். ஈவ்லினோ, ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் மட்டக்குதிரை மேல் மலை மலையாய் அலைந்து, 1974இல் 95 வயதில்தான் ஓய்ந்தார்.

அந்த நாளில் சபையில் சேருவது லேசுப்பட்ட காரியமா? பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் தெளித்துப் பேர் எழுதுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. புத்தி தெரிந்து, தானே வந்து கேட்டு, மூப்பர்கள் குடைந்து குடைந்து கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லி, சபையார் கை தூக்கிச் சம்மதித்த பிறகுதான் ஓடையில் முழுக்கு. 1952 பொதுத்தேர்தல் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே இப்படிக் கை தூக்கி ஓட்டுப் போட்டவள் என் அப்பாயி. ஒருத்தனுக்கு மட்டும் கை தூக்க மறுத்தாளாம். காரணம் விசுவாசம் அல்ல, அவன் திருப்பித் தராத ரெண்டு வள்ளம் சாமை.

முழுக்கு எடுக்காதவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. ரொட்டித் துண்டும் திராட்சை ரசமும் மூக்குக்கு நேராக நகர்ந்துபோவதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பக்தி வளர்ந்தது. மார்கழிப் பனியில் ஓடைக்குள் இறங்கி, போதகர் ஒரு கையால் முதுகையும் ஒரு கையால் மூக்கையும் பிடித்துச் சாய்த்தபோது, பாவம் போயிற்றோ இல்லையோ, மூச்சு நின்றுபோய்த் திரும்பி வந்தது. கரையில் பெண்கள் பாட்டை நிறுத்தாமலே கம்பளியை நீட்டினார்கள். அப்புறம் சுக்கு தட்டிப் போட்ட மிளகுக் காப்பி. மறுவாரம் கைக்கு வந்த ரொட்டித் துண்டு அந்தக் காப்பிக்கு உறைபோடக் காணாது.

அந்த ஓடை வேண்டாம், கோயிலுக்குள்ளேயே தொட்டி கட்டவேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசியவன், மேல் உதட்டில் அப்போதுதான் மீசை அரும்பிய வாலிபர் சங்கச் செயலாளனாகிய நான்தான். நாகரிகம், சுகாதாரம், நூற்றாண்டு என்று மூன்று பெரிய சொற்களை ஒரே வாக்கியத்தில் வைத்து அடித்தேன். தொட்டி வந்தது, நீல டைல்ஸ் வந்தது, குழாய் வந்தது. மிளகுக் காப்பி போய்ப் பேப்பர் கப்பில் டீ வந்தது. சாட்சி சொல்கிறவர்களின் பெயர் சனிக்கிழமை இரவே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, பெயருக்குக் கீழே கை தூக்குவதற்குப் பதில் கட்டைவிரல்கள் வரிசையாக நிற்கின்றன.

போன வருடாந்தரக் கூட்டத்தில், தொட்டிக்கு ஹீட்டர் மாட்டவேண்டும் என்று ஒரு பையன் எழுந்தான். என்னைப்போலவே மேசையைத் தட்டினான். எனக்கும் முழங்கால் வலி இருப்பதால் நியாயமாகவே பட்டது. எல்லாரோடும் சேர்ந்து கை தூக்கினேன். கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவள், எண்பதைத் தாண்டிய, ஓடையில் முழுகிய ஒரு கிழவி. பழைய நாளைப் பற்றி உருக்கமாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று போதகர் மைக்கைக் கொண்டுபோய் நீட்டினார்.

"கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்றாள்.